நெயில் பாலிஷ் ஏன் திட்டுத்திட்டாக வருகிறது?

(மும்பையில் பியூட்டி பார்லர்களில் வேலை செய்யும் தமிழ்ப் பெண்களிடமும், வேலை பழகும் பெண்களிடமும் மூத்த பார்லர் பணியாளர் ஒருவர் பேசிய பேச்சு)



இங்கே இருப்பவர்களில் பலர் பார்லரில் வேலை செய்கிறீர்கள். சிலர் இப்போதுதான் வேலை பழகுகிறீர்கள். தாராவியிலிருந்து காலையில் நடந்துபோய், சயான் ஸ்டேஷனில் ரயில் பிடிப்பவர்கள் இருக்கிறீர்கள். நானும் அப்படி ரயில் பிடித்தவள்தான். அதனால் உங்கள் கஷ்டம் எனக்குத் தெரியும்.

பார்லரில் பல வேலைகள் உண்டு. புருவம் திருத்த வேண்டும். ஃபேஷியல் செய்ய வேண்டும். வாக்ஸ் போட வேண்டும். இன்று நான் ஒன்றைப் பற்றி மட்டும் பேசப் போகிறேன். அது நெயில் பாலிஷ்.

"இது என்ன பெரிய வேலை? சின்னப் பிள்ளைகூடப் போடுமே" என்று நீங்கள் நினைக்கலாம். வீட்டில் தங்கைக்குப் போட்டுவிட்டால் யாரும் குறை சொல்ல மாட்டார்கள். பார்லரில் நாம் காசு வாங்குகிறோம். வந்தவர் கையை வெளிச்சத்தில் நீட்டிப் பார்ப்பார். ஒரு நகத்தில் கோடு தெரியும். இன்னொரு நகத்தில் சாயம் மெல்லிசாக இருக்கும். அடியில் நகம் தெரியும். உடனே முகம் மாறிவிடும். "என்ன இப்படிப் போட்டிருக்கிறாய்?" என்பார். முதலாளி அம்மா திரும்பிப் பார்ப்பார். பழி யார் மேல் விழும்? உங்கள் மேல்தான் விழும்.

அப்போது பலரும் ஒன்று செய்வார்கள். அதன் மேலேயே இன்னும் கனமாக ஒரு பூச்சுப் பூசுவார்கள். அது காயாது. சுருங்கும். சேலையில் ஒட்டும். வேலை இன்னும் கெடும். மேலே மேலே பூசுவது இதற்கு மருந்து அல்ல. ஏன் அப்படி வந்தது என்று முதலில் கண்டுபிடிக்க வேண்டும். குற்றம் பாட்டிலில் இருக்கலாம். நகத்தில் இருக்கலாம். கையில் இருக்கலாம். காற்றில்கூட இருக்கலாம். நான்கையும் பார்க்கத் தெரிந்தால் பழியிலிருந்து தப்பிக்கலாம்.

பாட்டிலுக்குள் என்ன இருக்கிறது?

பாட்டிலைக் கையில் எடுங்கள். உள்ளே சாயம் மட்டும் இல்லை. நைட்ரோசெல்லுலோஸ் என்று ஒரு பொருள் இருக்கிறது. பஞ்சையும் அமிலத்தையும் சேர்த்து அதைச் செய்யலாம். நகத்தின் மேல் தோல் போலப் படிவது அதுதான். அதைக் கரைத்து வைக்க ஒரு திரவம் வேண்டும். எத்தில் அசிட்டேட், பியூட்டைல் அசிட்டேட் என்று அவற்றுக்குப் பெயர். மூக்கில் ஏறும் அந்த வாசனை இவற்றின் வாசனைதான். நல்ல நிறத்துக்குச் சாயப்பொடி சேர்ப்பார்கள். பொடி அடியில் இறங்காமல் இருக்க ஒரு வகைக் களிமண்ணும் கொஞ்சம் சேர்ப்பார்கள். ஆம், களிமண்தான். பானை செய்யும் மண் அல்ல. பக்குவம் செய்த மண்.

இதில் நினைவில் வைக்க வேண்டியது ஒன்று உண்டு. பாட்டிலில் உள்ளதில் பத்தில் ஏழு பங்கு போல அந்தத் திரவம்தான். பூசியதும் அது காற்றில் போய்விடும். மிஞ்சுவது மூன்று பங்கு. ஈரமாக இருக்கும்போது பூச்சு கனமாகத் தெரியும். காய்ந்ததும் மெல்லிசாகிவிடும். "போடும்போது நன்றாகத்தான் இருந்தது மேடம்" என்று நாம் சொல்கிறோமே, அது பொய் அல்ல. காரணம் இதுதான்.

பழைய காலத்துச் செய்தி ஒன்றும் சொல்கிறேன். 1920-களில் கார்களுக்கு அடிக்கும் பளபளப்பான பெயிண்ட் வந்தது. அதே நைட்ரோசெல்லுலோஸை வைத்துத்தான் நகத்துக்கும் பூச்சு செய்தார்கள். அப்போதைய பூச்சில் கரையும் சாயம்தான் இருந்தது. அடியில் நகம் தெரியும். 1932-இல் அமெரிக்காவில் ரெவ்லான் கம்பெனி தொடங்கியது. அவர்கள் கரையாத நிறப்பொடியைப் போட்டார்கள். நகத்தை முழுவதும் மூடும் பூச்சு அப்படித்தான் பரவியது. நம் நாட்டில் டாடா குழுமம் 1952-இல் லக்மே கம்பெனியைத் தொடங்கியது. லக்மே என்பது லட்சுமி என்ற பெயரைப் பிரெஞ்சுக்காரர்கள் சொல்லும் விதம். இதைச் சொன்னால் என் அம்மா நம்பவே மாட்டார்.

சரி, விஷயத்துக்கு வருவோம். நகத்தை மூடுவது அந்த நிறப்பொடிதான். பாட்டில் பல நாள் அலமாரியில் சும்மா இருந்தால் பொடி அடியில் இறங்கும். மேலே தண்ணீர் போன்ற திரவம் நிற்கும். பிரஷ் மேலே உள்ளதைத்தான் எடுக்கும். அப்படிப் பூசினால் திட்டுத்திட்டாகத்தான் வரும். அதனால் முதலில் பாட்டிலைக் கலக்குங்கள். மருந்து பாட்டிலைக் குலுக்குவது போல வேகமாகக் குலுக்காதீர்கள். காற்றுக் குமிழ் வரும். நகத்தில் புள்ளி புள்ளியாக நிற்கும். இரண்டு உள்ளங்கைகளுக்கு நடுவில் பாட்டிலை வைத்து உருட்டுங்கள். தயிர் கடையும் மத்தை இரண்டு கைகளாலும் உருட்டுவோமே, அது போல. அரை நிமிடம், ஒரு நிமிடம் உருட்டினால் போதும். சில பாட்டில்களில் சிறு இரும்புக் குண்டு இருக்கும். 'கடகட' என்று சத்தம் கேட்கும். கலக்குவதற்காகவே அதைப் போட்டிருக்கிறார்கள்.

ரிமூவர் ஊற்றிய பாட்டில்

இப்போது எல்லாருக்கும் தெரிந்த, யாரும் வெளியே சொல்லாத ஒரு வழக்கத்தைப் பற்றிப் பேசுகிறேன்.

பாட்டில் பழசாகும். மூடியைத் திறந்து திறந்து மூடுவதால் திரவம் ஆவியாகிப் போகும். உள்ளே உள்ளது தேன் மாதிரி கெட்டியாகும். புதுப் பாட்டில் வாங்கக் காசு வேண்டும். என்ன செய்கிறார்கள்? பாலிஷ் அழிக்கும் ரிமூவரைக் கொஞ்சம் அதில் ஊற்றிவிடுகிறார்கள். பார்ப்பதற்கு இளகிவிடும். ஆனால் உள்ளே எல்லாம் கெட்டுவிடும். ரிமூவரில் அசிட்டோன் இருக்கும். அது மிக வேகமாக ஆவியாகும். பல ரிமூவர்களில் தண்ணீரும் எண்ணெயும் வாசனையும் கலந்திருக்கும். அவை பாலிஷுக்கு ஆகாதவை. பூச்சு ஒட்டாது. பொடி தனியாகப் பிரியும். கோடு விழும். இரண்டு நாளில் உரிந்து வரும்.

நான் வேலை செய்த ஒரு பார்லரில் நடந்ததைச் சொல்கிறேன். கல்யாண சீசன். புதிதாக ஒரு தங்கை சேர்ந்து ஆறு மாதம் ஆகியிருந்தது. ஒரு வாடிக்கையாளர் ரோஸ் நிறம் கேட்டார். அந்தத் தங்கை போட்டாள். கோடு கோடாக வந்தது. அழித்துவிட்டு மறுபடி போட்டாள். மறுபடியும் அப்படியே வந்தது. அந்த அம்மா கோபப்பட்டு, காசு தராமல் போய்விட்டார். "இதை உன் சம்பளத்தில் பிடித்துக்கொள்வேன்" என்று முதலாளி சொல்லிவிட்டார். பிள்ளை அழுதுகொண்டு உள்ளே போய்விட்டாள்.

நான் அந்தப் பாட்டிலை எடுத்தேன். அதே கம்பெனி, அதே எண் போட்ட புதுப் பாட்டில் ஒன்றும் அலமாரியில் இருந்தது. நோட்டுப் புத்தகத்துக்கு அட்டை போடுவோமே, அந்தக் கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் தாள் ஒன்றையும் எடுத்தேன். ஒரு பக்கம் பழைய பாட்டிலில் இருந்து பூசினேன். இன்னொரு பக்கம் புதுப் பாட்டிலில் இருந்து பூசினேன். இரண்டிலும் இரண்டு பூச்சு. காய விட்டேன். பிறகு தாளைச் செய்தித்தாள் மேல் வைத்தேன். புதுப் பாட்டில் பூச்சுக்கு அடியில் எழுத்து தெரியவில்லை. பழைய பாட்டில் பூச்சுக்கு அடியில் தலைப்பு எழுத்தை முழுவதும் படிக்க முடிந்தது.

முதலாளி அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். "மேடம், ஒரே நிறம். ஒரே கை. பாட்டில்தான் வேறு" என்றேன். அவர் இரண்டையும் உற்றுப் பார்த்தார். அந்தப் பாட்டிலில் ரிமூவர் ஊற்றியது அவருக்கே தெரியும். பேசாமல் பாட்டிலைக் குப்பைத் தொட்டியில் போட்டார். சம்பளத்தில் பிடிக்கவில்லை. அவர் ஒன்றும் கெட்டவர் அல்ல. கடை வாடகை, கரண்டு பில், எல்லாம் அவர் தலையில். பத்துச் சொட்டு ரிமூவரில் ஒரு பாட்டில் மிச்சம் என்று நினைத்தார். ஆனால் அந்த மிச்சத்துக்கு விலை கொடுக்க இருந்தது ஒரு சிறு பெண்.

சட்டமும் இதைப் பற்றிச் சொல்கிறது. நஷ்டம் என்று சொல்லிச் சம்பளத்தில் பிடிப்பதற்கு முன், தொழிலாளியின் விளக்கத்தைக் கேட்க வேண்டும். 1936-ஆம் ஆண்டுச் சம்பளச் சட்டத்தில் இது இருந்தது. 2019-ஆம் ஆண்டு ஊதியச் சட்டத் தொகுப்பிலும் இருக்கிறது. ஆனால் விளக்கம் சொல்ல வேண்டும் என்றால் காரணம் தெரிந்திருக்க வேண்டும். அதற்காகத்தான் இவ்வளவு நேரம் பாட்டிலைப் பற்றிப் பேசினேன்.

அந்தச் செய்தித்தாள் சோதனையை நீங்களும் செய்து பாருங்கள். புது நிறம் எது வந்தாலும் செய்யுங்கள். சில நிறங்களில் கம்பெனியே பொடியைக் குறைவாகப் போட்டிருக்கும். நகம் கொஞ்சம் தெரிய வேண்டும் என்று செய்த பாலிஷ் அது. அதில் எத்தனை பூச்சுப் போட்டாலும் எழுத்து தெரியும். அது பாட்டிலின் குற்றம் அல்ல. உங்கள் குற்றமும் அல்ல. வாடிக்கையாளரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். "இது மெல்லிய நிறம் ஆன்ட்டி. நகம் தெரியும். முழுவதும் மூட வேண்டும் என்றால் இதைப் போடட்டுமா?" என்று இன்னொரு பாட்டிலைக் காட்டுங்கள்.

கெட்டியான பாட்டிலை என்ன செய்வது? அதற்கென்றே தின்னர் விற்கிறது. 'நெயில் பாலிஷ் தின்னர்' என்று கேட்க வேண்டும். பாலிஷில் இருக்கும் அதே திரவம்தான் அதிலும் இருக்கும். இரண்டு அல்லது மூன்று சொட்டு விடுங்கள். பாட்டிலை உருட்டுங்கள். கொஞ்ச நேரம் வைத்துப் பாருங்கள். போதவில்லை என்றால் இன்னும் ஒரு சொட்டு விடலாம். அளவு மீறினால் தின்னரும் பாலிஷைத் தண்ணீராக்கிவிடும். நிறமும் வாசனையும் மாறிப்போன பாட்டிலைத் தூக்கிப் போடுங்கள். அதற்குத் தின்னர் வீண்.

இன்னொரு பழக்கமும் வேண்டும். பாட்டிலைத் திறக்கும் நாளில் ஒரு துண்டு ஸ்டிக்கரில் தேதி எழுதி அடியில் ஒட்டுங்கள். நமக்கு எழுத்து வந்துவிட்டதே, அதைப் பயன்படுத்த வேண்டாமா? பாட்டிலில் அச்சடித்திருப்பதையும் படியுங்கள். செய்த கம்பெனியின் பெயரும் முகவரியும் இருக்க வேண்டும். லைசென்ஸ் எண், பேட்ச் எண் இருக்க வேண்டும். எந்தத் தேதிக்குள் பயன்படுத்த வேண்டும் என்று இருக்க வேண்டும். தெருவோரம் குவித்து விற்கும் சில பாட்டில்களில் இவை எதுவும் இருக்காது. அவற்றைப் பார்லருக்குள் கொண்டுவராதீர்கள்.

நகத்தைப் பாருங்கள்

பாட்டில் நன்றாக இருக்கிறது. ஆனாலும் கோடு விழுகிறது. இப்போது நகத்தைப் பார்க்க வேண்டும்.

எண்ணெய்தான் முதல் எதிரி. மெனிக்யூர் செய்யும்போது கையில் கிரீம் தடவி மசாஜ் செய்கிறோம். கிரீம் நகத்திலும் படும். அதன் மேல் பாலிஷ் போட்டால் ஒட்டாது. தாமரை இலையில் தண்ணீர் ஓடுவது போல விலகி ஓடும். அங்கங்கே வெற்றிடம் தெரியும். அதனால் பஞ்சில் ரிமூவர் தொட்டு, ஒவ்வொரு நகத்தையும் ஒரு முறை துடையுங்கள். நகத்தின் ஓரத்தையும் துடையுங்கள். 'ஆயில்' கலந்த ரிமூவர் என்று பாட்டிலில் போட்டிருந்தால், அதுவே எண்ணெய்ப் படலத்தை விட்டுவிடும். இந்த இடத்தில் அது வேண்டாம். எண்ணெய் சேராத ரிமூவர் எடுங்கள். துடைத்த பிறகு விரலால் நகத்தைத் தொடாதீர்கள். பஞ்சின் நூல் நகத்தில் இருக்கிறதா என்றும் பாருங்கள். ஒரு சிறு நூல் இருந்தாலும் பிரஷ் அதை இழுத்துக்கொண்டே போகும்.

தண்ணீரும் எதிரிதான். வெந்நீர்க் கிண்ணத்தில் கையை ஊற வைக்கிறோம். நகம் தண்ணீரைக் குடிக்கும். கொஞ்சம் உப்பும். துணியால் துடைத்தால் மேலே காய்ந்தது போலத் தெரியும். உள்ளே ஈரம் இருக்கும். உடனே பாலிஷ் போட்டால், நகம் காய்ந்து சுருங்கும்போது பூச்சு விட்டுவிடும். பத்து, பதினைந்து நிமிடம் பொறுங்கள். அந்த நேரத்தில் புருவ வேலையை முடித்துக்கொள்ளலாம்.

வயதானவர்களின் நகத்தில் மேலிருந்து கீழாக வரி வரியாக இருக்கும். வயல் வரப்பு மாதிரி. இது சாதாரணம். பள்ளத்தில் பாலிஷ் தேங்கும். மேட்டில் மெல்லிசாகும். கோடு தெரியும். சிலர் அந்த வரியை ராவிச் சமமாக்கப் பார்க்கிறார்கள். வேண்டாம். நகம் மெலிந்து போகும். அடியில் பேஸ் கோட் போடுங்கள். வரியை நிரப்பும் பேஸ் கோட் தனியாகவும் கிடைக்கிறது. பேஸ் கோட் இன்னொரு நன்மையும் செய்யும். சிவப்புச் சாயம் நகத்தில் ஊறி மஞ்சளாகாமல் தடுக்கும்.

வரியைப் பற்றிப் பேசும்போது இதையும் சொல்லிவிடுகிறேன். சில பெண்களின் நகம் கரண்டி போலக் குழிந்திருக்கும். அது இரும்புச்சத்துக் குறைவின் அடையாளமாக இருக்கலாம். 2019-21-இல் எடுத்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில், 15 முதல் 49 வயது வரை உள்ள பெண்களில் 100-க்கு 57 பேருக்கு ரத்தசோகை இருந்தது. அப்படி நகத்தைப் பார்த்தால் பயமுறுத்தாமல், "ஒரு தடவை டாக்டரிடம் காட்டுங்கள் அக்கா" என்று மட்டும் சொல்லுங்கள். அதைப் பாலிஷ் போட்டு மறைப்பது நம் வேலை அல்ல.

மருதாணியும் வெளிர் ரோஸும்

கல்யாணப் பெண் வருகிறாள். முந்தின நாள் மெஹந்தி போட்டிருக்கிறாள். மருதாணிதான். வடநாட்டுக் கல்யாணங்களில் முழங்கை வரை கோலம் போடுவார்கள். விரல் நுனி முழுவதும் அப்புவார்கள். நகமும் சிவந்திருக்கும். ஒரு நகம் ஆரஞ்சு. ஒரு நகம் பழுப்பு. ஒரு நகத்தில் பாதிதான் சிவந்திருக்கும். அவள் கேட்பது வெளிர் ரோஸ். போட்டால் எப்படி இருக்கும்? திட்டுத்திட்டாகத்தான் தெரியும்.

இங்கே பாலிஷ் ஒழுங்காகத்தான் படிந்திருக்கிறது. திட்டு அடியில் இருக்கிறது. மருதாணியின் சாயம் நகத்தோடு சேர்ந்துவிடும். ரிமூவர் போட்டுத் தேய்த்தாலும் போகாது. எலுமிச்சம்பழம் தேய்த்தாலும் போகாது. நகம் வளர்ந்து, வெட்டி வெட்டித்தான் போக வேண்டும். கை நகம் மாதத்துக்கு மூன்று மில்லிமீட்டர் போல வளரும். முழு நகமும் மாற ஆறு மாதம் போல ஆகும். கல்யாணமோ நாளைக்கு!

அதனால் பாட்டிலைத் திறக்கும் முன்பே பேசுங்கள். மெரூன், அடர் சிவப்பு போன்ற மூடும் நிறங்களைக் காட்டுங்கள். கட்டாயம் வெளிர் நிறம்தான் வேண்டும் என்றால், முதலில் மெல்லிசாக ஒரு வெள்ளைப் பூச்சு. அது நன்றாகக் காய வேண்டும். பிறகு ரோஸ் போடலாம். நேரம் அதிகம் ஆகும் என்பதையும் சொல்லிவிடுங்கள். மருதாணி வைத்த பிறகு நிறம் பிடிக்கக் கையில் எண்ணெய் தடவுவார்கள். தேங்காய் எண்ணெயோ, கடுகு எண்ணெயோ இருக்கும். அதையும் நகத்திலிருந்து துடைக்க வேண்டும்.

முன்பதிவு செய்யும் கல்யாணப் பெண் என்றால் இன்னும் சுலபம். மெஹந்திக்கு முன்னால் நகத்தில் நிறமில்லாத பாலிஷ் போட்டுக்கொள்ளச் சொல்லுங்கள். நகம் சிவக்காது. கல்யாணத்தன்று அதை அழித்துவிட்டு வேண்டிய நிறத்தைப் போடலாம். நகம் சிவப்பதுதான் அழகு என்று சொல்லும் வீடும் உண்டு. எனக்கும் அதுதான் பிடிக்கும். ஆனால் கை அவளுடையது.

கையும் பிரஷும்

பிரஷை வெளியே எடுக்கும்போது ஒரு பக்கத்தைப் பாட்டில் வாயில் வழித்துவிடுங்கள். மறுபக்கத்தில் ஒரு சொட்டு தொங்க வேண்டும். அந்தச் சொட்டு ஒரு நகத்துக்குப் போதும். நகத்தின் அடியில், தோலைத் தொடாமல், கொஞ்சம் தள்ளி வையுங்கள். நடுவில் ஒரு இழுப்பு. இடது பக்கம் ஒன்று. வலது பக்கம் ஒன்று. மூன்றே இழுப்பு. பிரஷை அழுத்தாதீர்கள். அழுத்தினால் பிரஷின் முடி விரிந்து, ஒவ்வொரு முடியும் ஒரு கோடு போடும். சொட்டு தானாகப் பரவட்டும். நீங்கள் வழி காட்டினால் போதும்.

முதல் பூச்சு சுமாராகத்தான் இருக்கும். கோடு தெரியும். அதைப் பார்த்துப் பயப்படாதீர்கள். அங்கேதான் பலரும் அவசரப்படுகிறார்கள். கோடு தெரிகிறதே என்று மறுபடி பிரஷை அதன் மேல் ஓட்டுகிறார்கள். பாதி காய்ந்த பூச்சின் மேல் புதுப் பாலிஷ் பட்டால், கீழே உள்ளதும் கரைந்து பிரஷோடு வந்துவிடும். அந்த இடம் வழுக்கையாகிவிடும். கையைக் கட்டிக்கொண்டு இரண்டு, மூன்று நிமிடம் பொறுங்கள். பத்து விரலுக்கும் முதல் பூச்சு முடித்தால், முதல் விரல் ஏறக்குறையக் காய்ந்திருக்கும். பிறகு இரண்டாம் பூச்சு. கோடு மறையும். வெள்ளையும் வெளிர் நிறங்களும் மட்டும் பிடிவாதம் பிடிக்கும். அவற்றுக்குச் சில சமயம் மூன்று பூச்சு வேண்டும். மூன்றும் மெல்லிசாக இருக்க வேண்டும்.

மினுமினுக்கும் வெள்ளி, தங்க நிறங்களில் குட்டித் தகடுகள் இருக்கும். பிரஷ் போகும் திசையில் அவை படுத்துவிடும். பிரஷ் கோணலாகப் போனால் கோணல் அப்படியே தெரியும். இந்த நிறங்களில் கை நேராக ஓட வேண்டும்.

காற்று, மழை, நெருப்பு

ஃபேனுக்கு நேர் கீழே உட்கார்ந்து பாலிஷ் போடாதீர்கள். பரவும் முன்பே காய்ந்துவிடும். பிரஷ் கோடு அப்படியே நிற்கும். மே மாத வெயிலிலும் இதே தொல்லை. ஃபேன் காற்று படாத மூலையில் போடுங்கள். வாசனை வெளியே போக ஜன்னலைத் திறந்து வையுங்கள். நாள் முழுவதும் அந்த ஆவியில் மூச்சு விடுவது நாம்தானே. தலைவலி வந்தால் எழுந்து வெளியே போங்கள்.

மும்பை மழை உங்களுக்குத் தெரியும். ஜூன் மாதம் தொடங்கினால் சுவரே வியர்க்கும். அப்போது சில நாள் பாலிஷ் மங்கலாக, வெள்ளைப் புகை படிந்தது போல வரும். திரவம் ஆவியாகும்போது நகத்தின் மேல் குளிர்ச்சி உண்டாகும். காற்றில் உள்ள ஈரம் அந்தக் குளிர்ச்சியில் படியும். குளிர்ந்த சொம்பின் மேல் நீர் முத்து படிவது போல. ஏசி இருந்தால் கொஞ்ச நேரம் ஓடவிட்டுப் பிறகு தொடங்குங்கள். இல்லை என்றால் பூச்சை மெல்லிசாக்கி, இடையில் அதிக நேரம் விடுங்கள்.

பாலிஷ், ரிமூவர், தின்னர் மூன்றும் வேகமாகத் தீப்பிடிக்கும். பார்லரில் சாமி படத்துக்கு முன் ஊதுபத்தி எரிகிறது. பக்கத்தில் வாக்ஸ் சூடாகிறது. இந்தப் பாட்டில்களை அங்கே வைக்காதீர்கள். ரிமூவர் நனைந்த பஞ்சை மூடி போட்ட டப்பாவில் போடுங்கள்.

கேட்ட கேள்விகள்

"ஜெல் பாலிஷிலும் கோடு விழுகிறதே அக்கா?" என்று ஒரு தங்கை கேட்கிறாள். ஜெல் காற்றில் காய்வதில்லை. விளக்கின் கதிரில்தான் இறுகும். அதிலும் பொடி அடியில் இறங்கும். கலக்க வேண்டும். கனமாகப் போட்டால் மேலே மட்டும் இறுகி, உள்ளே ஈரமாக நிற்கும். சுருங்கிவிடும். இறுகாத ஜெல் தோலில் பட்டால் சிலருக்கு அரிப்பும் கொப்புளமும் வரும். வாடிக்கையாளர் தோலிலும் படக் கூடாது. உங்கள் தோலிலும் படக் கூடாது. ஜெல்லைப் பற்றி மீதியை இன்னொரு நாள் பேசலாம்.

"பாட்டில் சீக்கிரம் கெட்டியாகாமல் இருக்க என்ன செய்வது?" ரிமூவர் தொட்ட பஞ்சால் பாட்டிலின் கழுத்தைத் துடையுங்கள். ரிமூவர் உள்ளே இறங்கக் கூடாது. கழுத்தில் பாலிஷ் காய்ந்து ஒட்டியிருந்தால் மூடி இறுகாது. ஆவி போய்க்கொண்டே இருக்கும். வேலை நடக்கும்போதும் திறந்து வைக்காதீர்கள். வெயில் படும் கண்ணாடி அலமாரி பார்க்க அழகுதான். பாலிஷுக்கு ஆகாது. இருட்டான, குளிர்ச்சியான இடத்தில் நிற்க வைத்த மாதிரி வையுங்கள்.

"தின்னர் எங்கே வாங்குவது? பெயிண்ட் கடையில் லிட்டர் கணக்கில் மலிவாகக் கிடைக்கிறதே?" இதை ஒரு அக்கா கேட்கிறார். நல்ல கேள்வி. பெயிண்ட் கடைத் தின்னர் வேண்டவே வேண்டாம். அது கதவுக்கும் ஜன்னலுக்கும் உள்ளது. அதில் டொலுவீன் போன்ற கெடுதலான பொருள்கள் இருக்கலாம். மனிதர்களின் விரலுக்கு அருகில் அதைக் கொண்டுபோகக் கூடாது. கிராஃபோர்ட் மார்க்கெட் பக்கம் பார்லர் சாமான் விற்கும் மொத்தக் கடைகள் இருக்கின்றன. அங்கே நெயில் பாலிஷ் தின்னர் என்று கேளுங்கள். சிறு பாட்டில் போதும். பல மாதம் வரும். வாங்கும்போது மேலே எழுதியிருப்பதைப் படித்துப் பார்த்து வாங்குங்கள். 'ரிமூவர்' என்று எழுதியிருந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.